அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு லீவர் ரைஃபிள்: எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது

அமெரிக்காவில் பல வருடமாகக் குடியிருக்கும் நம்மவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் இது ஒன்று. கணவருக்கோ அண்ணனுக்கோ மாமனாருக்கோ ஐம்பதோ அறுபதோ வருகிறது. மான் வேட்டைக்கோ சுடுதளத்துக்கோ போகிற பழக்கம் உள்ள மனிதர். குடும்பமாகச் சேர்ந்து அவருக்கென்றே ஒரு லீவர்-ஆக்‌ஷன் ரைஃபிள், அதாவது டிரிக்கரைச் சுற்றியுள்ள லீவரைக் கீழே தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி, செய்து தரலாம் என்று தீர்மானித்தாகிவிட்டது. அதற்கு மேல் நகர முடியவில்லை. எண்கோணக் குழலா உருண்டைக் குழலா, உலோகம் நீலமா பல வண்ணமா, பெயர் பொறிப்பதா யானை மான் செதுக்குவதா என்று பட்டியல் நீளுகிறது, பட்ஜெட்டும் கூடவே நீளுகிறது.

இந்தப் பட்டியல் புதிதல்ல. வின்செஸ்டர் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டிலேயே எண்கோணக் குழல், பாதி மேகசின் (தோட்டா நிற்கும் குழாய் பாதி நீளத்தில்), செட் டிரிக்கர் (மெல்லத் தொட்டாலே சுடும்படி முன்கூட்டிப் பூட்டி வைக்கும் டிரிக்கர்), உயர்ரக வால்நட் கட்டை (தோளில் வைக்கும் மரப் பகுதி) என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை போட்டு, கேட்டபடி செய்து கொடுத்தது. 1870-களில் 1873 மாடலில் ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று ஒரு வகையை 100 டாலருக்கு விற்றார்கள். சோதித்துச் சுடும்போது அசாதாரணமாகக் குறி தப்பாமல் சுட்ட குழல்களைத் தனியே எடுத்து வைத்து, அவற்றுக்கு மட்டும் செட் டிரிக்கரும் அலங்காரமும் சேர்த்தார்கள். 1873 மாடலில் அப்படிச் செய்தவை 130-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். முதலில் குழல், அப்புறம்தான் அலங்காரம். இன்றைக்குப் பரிசு வாங்குகிறவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதுதான் என் குறை.

## முதலில் அளவுகோல்கள்

நான் நான்கு கேள்வி கேட்பேன். நான்குக்கும் சம எடை கிடையாது.

சுடுவாரா? பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கப் போகிறாரா, வருடத்துக்கு நாலு முறையாவது தோளில் வைக்கப் போகிறாரா? அறுபது வயதுத் தோளும் அறுபது வயதுக் கண்ணும் இருபத்தைந்து வயது விளம்பரப் படத்தில் இருப்பவை அல்ல. இதற்கு நேர்மையான பதில் தெரியாமல் கேட்டலாகைப் பிரிக்கவே வேண்டாம்.

பிறகு மாற்ற முடியுமா? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. தோட்டா வகையும் குழலும் ஒருமுறை முடிவானால் முடிவானதுதான். குறிகாட்டியை ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். மாற்ற முடியாததில் பணத்தைப் போடுங்கள், மாற்ற முடிந்ததைத் தள்ளிப் போடுங்கள். இந்த விதிக்கு ஒரே ஒரு பெரிய விலக்கு உண்டு, அது உலோகத்தின் நிறம் பற்றிய பகுதியில், கேஸ் ஹார்டனிங் (உருக்கின் மேல்தோலைக் கடினமாக்கிப் பல வண்ணம் ஏற்றும் முறை) பற்றிப் பேசும்போது வரும்.

நாளுக்குள் வருமா? கைவேலைக் கடைகளில் காத்திருப்பு மாதக் கணக்கு. நல்ல செதுக்குக் கலைஞரிடம் வருடத்தைத் தாண்டுவதும் உண்டு.

விற்றால் என்ன? உங்கள் குடும்பப் பெயரும் பிறந்த தேதியும் பொறித்த துப்பாக்கிக்கு உங்கள் வீட்டுக்கு வெளியே மதிப்பு குறைவு. பரிசு விற்பதற்கில்லை என்றால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம். நான் தாண்டிவிடுவேன்.

## எந்த உடம்பில் தொடங்குவது: மூன்று வழிகள்

### ஆலையிலேயே வரும் டீலக்ஸ் மாடல்

நியூ ஹேவனில் இருந்த பழைய வின்செஸ்டர் ஆலை 2006-இல் மூடப்பட்டது. இப்போது வின்செஸ்டர் பெயரில் வரும் 1873, 1886, 1892, 1894 மாடல்களை ஜப்பானின் மிரோக்கு செய்கிறது. வேலைப்பாடு சுத்தம். மரமும் உலோகமும் சேருமிடத்தில் நகம் நுழையாது. டீலக்ஸ் வகைகளில் நல்ல மரம், எண்கோணக் குழல், பல வண்ண ரிசீவர் (லீவரின் பொறி அடங்கிய நடு உலோகப் பெட்டி) எல்லாம் ஆலையிலேயே வந்துவிடுகின்றன. இத்தாலியின் உபெர்ட்டியும் பெடர்சோலியும் இதே தளத்தில் நிற்கிறவர்கள்.

பழமைவிரும்பிகளுக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. மிரோக்குவின் 1886, 1892, 1894 மாடல்களில் கட்டைக் கழுத்தின் மேல், டாங் எனப்படும் பட்டையில், ஒரு சேஃப்டி பித்தான் இருக்கும். பழைய துப்பாக்கிகளில் அது கிடையாது. தோற்றத்தைக் கெடுக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், டாங் மேல் குறிகாட்டி பொருத்தவும் அது இடைஞ்சல். 1873-இல் இந்தத் தொல்லை இல்லை.

நாள் நெருங்கிவிட்டவர்களுக்கும், சுடுவதற்கே வாங்குகிறவர்களுக்கும் இந்த வழிதான் சரி.

### சாதா ரைஃபிள், பிறகு கைவேலைக் கடை

மார்லின் 336, மார்லின் 1895, வின்செஸ்டர் 1886 போன்ற ஒன்றைச் சாதா விலைக்கு வாங்கி, நியூயார்க் மாநிலத்தின் டர்ன்புல் மாதிரியான கடைக்கு அனுப்பி, வண்ணமும் மரமும் செதுக்கும் சேர்ப்பது இரண்டாவது வழி. உண்மையில் ‘கஸ்டம்’ என்பது இதுதான்.

மார்லினை எடுப்பவர்கள் ஒன்று பார்க்க வேண்டும். மார்லினை 2007-இல் ரெமிங்டன் வாங்கியது. தொழிற்சாலை மாறிய காலத்தில் வந்த துப்பாக்கிகளைப் பற்றி நல்ல பெயர் இல்லை. 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது ருகர் மார்லினை எடுத்துக்கொண்டு, 2021 கடைசியிலிருந்து வட கரோலினாவில் செய்கிறது. ருகர் செய்தவை நன்றாக இருக்கின்றன. பழைய கனெக்டிகட் காலத்தவையும் நன்று. இடைக்காலத்தவற்றைக் கையில் எடுத்து, லீவரை இழுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். துப்பாக்கி விலையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு மேல்வேலைக்கே போகும். இன்ஷூரன்ஸோடு அனுப்பும் கூலி, திரும்பி வரும் கூலி தனி.

### பிறந்த ஆண்டில் செய்த பழைய துப்பாக்கி

கேட்கவே இனிக்கும் யோசனை. ஆனால் ஆண்டைப் பொறுத்தது. வின்செஸ்டர் 1964-இல் செலவைக் குறைக்கத் தன் செய்முறையை மாற்றியது. அதற்கு முந்தையவற்றுக்கு ‘ப்ரீ-64’ என்று தனிச் சந்தை. 1963-க்குள் பிறந்தவர் அதிர்ஷ்டசாலி. 1966-இல் பிறந்தவருக்கு வாங்கப் போனால், அந்தக் கால மாடல் 94-இன் (1894 மாடலின் பிற்காலப் பெயர்) ரிசீவர் உலோகம் வழக்கமான நீலத்தை ஒழுங்காக ஏற்காது. மீண்டும் பளபளப்பாக்கலாம் என்று கடைக்கு அனுப்பினால் ஊதாவும் திட்டுமாகத் திரும்பி வரும்.

1966 என்பதால் இன்னொரு வலையும் உண்டு. அது வின்செஸ்டரின் நூற்றாண்டு. தங்க முலாம் பூசிய ரிசீவர், எண்கோணக் குழலோடு ‘செண்டென்னியல் 66’ என்று நினைவுப் பதிப்பு வந்தது. அபூர்வம் என்று விற்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அட்டைப் பெட்டியோடு சுடாமல் பாதுகாத்தவையே ஏராளம். அழகுக்கு வாங்குங்கள், அபூர்வத்துக்கு வாங்காதீர்கள். சுட்டால் விலை இறங்கும், சுடாவிட்டால் பரிசு அலமாரியில் தூங்கும்.

அதே ஆண்டின் மார்லின் 336 கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். பழையதைத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மூல நிலையில் இருக்கும் சேகரிப்புத் துப்பாக்கியில் புதுத் துளை போட்டாலோ மறுபூச்சுப் பூசினாலோ அதன் மதிப்பு விழும். ‘புதுப்பித்துத் தருகிறேன்’ என்பது எல்லாத் துப்பாக்கிக்கும் உபகாரம் ஆகாது.

## தோட்டா வகை: இதில் தப்பினால் மீள முடியாது

பரிசு தருபவர்கள் எல்லோரும் .45-70 என்ற பெரிய தோட்டா பக்கம் சாய்கிறார்கள். காரணம் புரிகிறது. 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா, கட்டைவிரல் தடிமன், மேசையில் நிறுத்தி வைத்தாலே மரியாதை வருகிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1886 மாடலுக்கு அதுதான் இயல்பான ஜோடி.

ஆனால் உதைக்கும். சாதாரண .45-70 கூட .30-30-ஐ விட ஏறக்குறைய இரண்டு மடங்கு உதைக்கும். கரடிக்கென்று விற்கும் நவீனத் தோட்டாவை ஏழு பவுண்டு கார்பைனில் (குட்டைக் குழல் ரைஃபிள்) போட்டால் மூன்று மடங்குக்குக் குறையாது. விலையும் அப்படியே. ஒரு .45-70 தோட்டா இரண்டு மூன்று டாலர் ஆகும், .22 தோட்டா பத்து காசை ஒட்டி இருக்கும். பிறந்தநாள் அன்று ஆளுக்கு ஒன்று சுட்டுப் பார்த்துவிட்டு உறைக்குள் போட்ட .45-70-கள் அமெரிக்கா முழுக்க இருக்கின்றன.

.30-30, 1895-இல் வந்தது. மானுக்கு நூற்றாண்டுக்கு மேல் போதுமானதாக இருந்திருக்கிறது. இருநூறு கஜத்துக்குள் வேட்டையாடுகிறவருக்கு இதைவிட வேறு தேவையில்லை. எந்தச் சிற்றூர் இரும்புக் கடையிலும் தோட்டா கிடைக்கும்.

.357 மேக்னம் ரைஃபிளில் .38 ஸ்பெஷலும் ஓடும். உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. பேரப் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திச் சுடச் சொல்லித் தரலாம். தோள் அறுவை சிகிச்சை ஆனவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இது.

.45 கோல்ட் கேட்பவர்கள் கௌபாய் காலத்து நினைப்பில் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் லீவர் ரைஃபிள் எதுவும் .45 கோல்ட்டில் வரவில்லை. அந்தத் தோட்டாவின் அடிவிளிம்பு அவ்வளவு சிறியது, வெளியே இழுக்கப் பிடி கிடைக்காது. ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் ஒரே தோட்டா என்ற பழைய ஜோடி .44-40 தான். சரித்திரம் முக்கியமென்றால் .44-40, கடையில் எளிதாகக் கிடைக்க வேண்டுமென்றால் .357.

குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், ஒன்றின் மூக்கு முன்னதன் பிரைமரில் (தட்டினால் தோட்டாவை வெடிக்க வைக்கும் அடி மூடி) படும். அதனால் கூர்மூக்குத் தோட்டா போடக் கூடாது. தட்டை மூக்கு அல்லது ரப்பர் போல வளையும் நுனி உள்ளவை மட்டுமே. பரிசோடு ஒரு பெட்டித் தோட்டாவும் வைக்கிறீர்கள் என்றால் இதைப் பார்த்து வாங்குங்கள்.

## குழலும் மேகசினும்

எண்கோணக் குழல் அழகு. அதில் மறுப்பே இல்லை. பட்டைகளில் வெளிச்சம் நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் 26 அங்குல எண்கோணக் குழலோடு 1886 ஒன்பது பவுண்டை ஒட்டி வந்து நிற்கும், அந்த எடை முழுக்க முன்னால். நின்றபடி இலக்கில் பிடித்து வைக்க அந்த எடை உதவும். மலையேறித் தூக்கிக்கொண்டு போக உதவாது. 20 அங்குல உருண்டைக் குழலோடு மாடல் 94 ஏழு பவுண்டுக்குள் முடிந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் பாதி எண்கோணம், பாதி உருண்டை என்று ஒரு வகை உண்டு. பின்பாதியில் அழகு, முன்பாதியில் எடைக் குறைவு. எனக்குப் பிடித்தது இதுதான், விலையும் அதனால்தான் கூடுதல். மேகசினைப் பாதியாக்கினால் இன்னும் கொஞ்சம் முன் எடை குறையும். முழு மேகசினைப் பிறகு வெட்டலாம், பாதியைப் பிறகு நீட்டுவது வம்பு.

சட்டப்படி ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் கூட்டாட்சிப் பதிவு தனியாக வேண்டும். பரிசுக்கு அந்தத் தலைவலி எதற்கு?

## கட்டை

மரத்தில் தொடங்கி அடிப்பட்டையில் (தோளில் படும் கடைசித் தகடு) முடிக்கிறவர்கள் அதிகம். நான் திருப்பிச் சொல்வேன்.

பழைய ரைஃபிள்களின் கட்டை முடிவில் பிறை வடிவ உருக்குத் தகடு இருக்கும். படத்தில் அற்புதம். அது தோள் குழிக்குள் வைப்பதற்கு வந்ததல்ல. தோளுக்கு வெளியே, மேற்கையின் மேல் பிடித்துச் சுடுகிற பழைய பழக்கத்துக்கு ஏற்ற வடிவம் அது. இன்றைய பழக்கத்தில் தோள் குழியில் வைத்து .45-70 சுட்டால், பிறையின் இரண்டு முனைகளும் சட்டையைத் தாண்டிச் சதையில் பதியும். அடுத்த நாள் குளிக்கும்போது மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு நீலத் தழும்பு தெரியும். .357-க்கும் .44-40-க்கும் பிறைத் தகடு பரவாயில்லை. அதற்கு மேல் உதைக்கும் எதற்கும் தட்டையான ஷாட்கன் வகை அடிப்பட்டை, அதிலும் மெல்லிய ரப்பர் என்றால் இன்னும் நல்லது.

கழுத்து நேராகவா, கைத்துப்பாக்கியின் பிடி போல வளைந்த பிஸ்டல் பிடியாகவா? இது மரத்தை மட்டும் மாற்றும் காரியம் அல்ல. பிஸ்டல் பிடிக்கு லீவரும் கீழ்ப்பட்டையும் வளைந்திருக்க வேண்டும். எனவே வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டியது. நேர்க் கழுத்து பார்க்க மெலிவு, எடுத்துச் செல்லவும் வசதி. மணிக்கட்டில் வலி உள்ளவருக்கு பிஸ்டல் பிடி இதம்.

மரம்: அமெரிக்கக் கறுப்பு வால்நட் உறுதி, விலை நியாயம். ஆங்கில வால்நட் என்று விற்கும் வகை இறுகியது, மெல்லிய கட்டச் செதுக்கு (பிடிமானத்துக்கான குறுக்குக் கோடுகள்) அதில் நிற்கும். கலிஃபோர்னியாவின் கிளாரோ வால்நட்டில் புகைச் சுழல் போல ரேகை ஓடும், ஆனால் மரம் சற்று மென்மை. ரேகை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பின்பகுதியில் எவ்வளவு சுழன்றாலும் சரி, மெல்லிய கழுத்தில் மட்டும் ரேகை நேராக ஓட வேண்டும். கழுத்தில் சுழன்றால் உதைப்பில் அங்கேதான் பிளக்கும்.

கட்டையின் நீளத்தை அவரிடம் கேட்டால் ரகசியம் போய்விடும். அவரது பழைய துப்பாக்கியில் டிரிக்கரிலிருந்து அடிப்பட்டை நடு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், போதும்.

## உலோகத்தின் நிறம்: விலக்கு இங்கேதான்

நீலப் பூச்சு, ஸ்டெயின்லெஸ், பித்தளை, கேஸ் ஹார்டனிங் வண்ணம் என்று நான்கு வழி. ஸ்டெயின்லெஸ் மழையில் வேட்டையாடுகிறவருக்கு, அவ்வளவுதான். ஹென்றி கம்பெனியின் பித்தளை ரிசீவர் பளபளக்கும், கைபடக் கைபட மங்கும். அந்த மங்கலை விரும்புகிறவரும் உண்டு, வாராவாரம் தேய்க்கிறவரும் உண்டு. நீலம் எதிலும் தோற்காது, எதிலும் அசத்தாது.

பிறந்தநாள் பரிசென்றால் எல்லோர் கண்ணும் கேஸ் ஹார்டனிங் மேல்தான். பழைய முறையில் ரிசீவரையும் லீவரையும் எலும்புக் கரியும் மரக் கரியும் நிரப்பிய பெட்டிக்குள் புதைத்து, செக்கச் செவேலென்று ஆகும்படி மணிக்கணக்கில் உலையில் வைக்கிறார்கள். கரியின் கார்பன் உருக்கின் மேல்தோலுக்குள் இறங்குகிறது. பிறகு பெட்டியோடு தூக்கி, காற்றுக் குமிழி கொப்பளிக்கும் குளிர்ந்த நீருக்குள் உள்ளிருப்பதை ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்க்கிறார்கள். வெளியே எடுத்தால் நீலம், சாம்பல், வைக்கோல் மஞ்சள், பழுப்பு எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து கிடக்கும். இரண்டு ரிசீவர் ஒரே மாதிரி வராது.

மேல்தோல் கடினமாகிறது என்பதில்தான் சிக்கல். கடினமான பிறகு செதுக்க முடியாது, உளி வழுக்கும். மீண்டும் சூடாக்கி மென்மையாக்கிச் செதுக்கி, மறுபடி உலைக்கு அனுப்ப வேண்டும். வண்ணம் போய்விடும், செலவு இரட்டிக்கும். குறிகாட்டிக்குத் துளை போடுவதும் அப்படியே. எனவே வரிசை இது: முதலில் துளை, அடுத்து செதுக்கு, கடைசியில் வண்ணம். வண்ணம் வேண்டுமென்றால் செதுக்கையும் துளையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வண்ணம் வேண்டாமென்றால், செதுக்கை அடுத்த பிறந்தநாளுக்குத் தள்ளலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. சில நவீன உருக்குக் கலவைகள் அந்தச் சூட்டில் வளையலாம், கடினமும் மாறலாம். ‘இந்த மாடலில் இதற்கு முன் செய்திருக்கிறீர்களா?’ என்று கடையில் கேட்டு, ஆமாம் என்றால் மட்டும் கொடுங்கள். வண்ணம் மிக மெல்லிய படலம், வெயிலும் கை உரசலும் அதைக் கரைத்துவிடும். கடைகள் அதன் மேல் லாக்கர் பூசித் தருவது அதற்குத்தான். வேட்டை வண்டியின் பின்கண்ணாடிக்கு அருகில் தொங்கப்போகும் துப்பாக்கிக்கு இது வீண்.

## செதுக்கு

வின்செஸ்டரின் பொற்காலத்தில் உல்ரிக் குடும்பத்தார் செய்த செதுக்கு வேலைகளைப் படத்தில் பார்த்தாலே மூச்சு நிற்கும். இன்று மூன்று தரம் உண்டு: ஆலை அச்சு, லேசர், கைவேலை. லேசரில் கோட்டின் அடி தட்டை, உளி வெட்டில் அடி சாய்வாக இருக்கும். வெளிச்சத்தைத் திருப்பினால் கைவேலை மினுங்கும், லேசர் மினுங்காது. கைவேலை மணிக்கணக்கில் விலை போடப்படுவதால், ரிசீவர் முழுக்கச் செதுக்கினால் துப்பாக்கியின் விலையைத் தாண்டிப் போவது சர்வ சாதாரணம்.

என் யோசனை, ரிசீவரின் ஒரு பக்கத்தில் சிறிய அளவில் கைவேலை, மற்ற பக்கம் வெறுமை. பெயரையும் தேதியையும் ரிசீவரில் பொறிக்க வேண்டாம். கட்டையின் அடியில் பதிக்கும் சின்ன வெள்ளித் தகட்டில் பொறியுங்கள். தமிழில் பொறிப்பதென்றால் எழுத்துருவை நீங்களே பெரிதாக அச்சிட்டு அனுப்புங்கள். செதுக்குபவர் கணினியில் தேடிக் கண்டுபிடிக்கும் உருவில் கொம்பும் சுழியும் இடம் மாறியிருக்கும்.

வரிசை எண்ணையும் தயாரிப்பாளர் குறியையும் மட்டும் யாரும் தொடக் கூடாது. வரிசை எண்ணை அழிப்பது கூட்டாட்சிக் குற்றம்.

## குறிகாட்டி: அறுபது வயதுக் கண்ணுக்கு

லீவர் ரைஃபிளில் வழக்கமாக வருவது பக்ஹார்ன் என்னும் மான்கொம்பு வடிவப் பின்குறி. அதன் நடுவில் ஒரு வெட்டு, குழல் முனையில் ஒரு மணி. சுடும்போது வெட்டு, மணி, இலக்கு என்று மூன்று தூரங்களைக் கண் பார்க்க வேண்டும். இளங்கண் மூன்றுக்கும் சட்சட்டென்று மாறும். நாற்பத்தைந்துக்கு மேல் மாறாது. மணி தெளிந்தால் வெட்டு பஞ்சு போலத் தெரியும். ‘குறி தப்புகிறது, கை நடுங்குகிறது’ என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கையில் ஒன்றுமில்லை, கண்தான்.

இதற்கு மருந்து பீப் என்னும் துளைக் குறிகாட்டி. கண்ணுக்கு அருகில் சின்ன வட்டத் துளை, அதன் வழியே மணியை மட்டும் பார்த்தால் போதும். துளையின் நடுவைக் கண் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். சின்னத் துளை வழியாகப் பார்ப்பதால் தூரம், கிட்டம் இரண்டும் ஓரளவு தெளியும். டாங்கின் மேல் மடக்கி நிமிர்த்தும் பழைய வகை பார்க்க அழகு, ரிசீவர் மேல் வைக்கும் வகை உறுதி. மரத்துக்கும் செதுக்குக்கும் கொட்டும் பணத்தில் சிறு பங்கு இது. எந்த ஒன்றை விட்டாலும் இதை விடாதீர்கள்.

தொலைநோக்கி வேண்டுமென்றால் மார்லினோ ஹென்றியோ எடுங்கள். அவற்றில் காலித் தோட்டா பக்கவாட்டில் விழும், மேற்பகுதி மூடியிருக்கும். 1980-களுக்கு முந்தைய மாடல் 94-இல் காலித் தோட்டா நேராக மேலே தெறிக்கும், தொலைநோக்கிக்கு நடுவில் இடமில்லை.

## சில்லறை விஷயங்கள்

பெரிய வளைய லீவர், கையுறை போடும் குளிர் மாநிலத்தவருக்கு மட்டும் உபயோகம். சுழற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால், தோட்டா இல்லாதபோதுகூட வேண்டாம். குழலைக் கழற்றி இரண்டாகப் பிரிக்கும் டேக்டவுன் வசதி பயணத்துக்கு நல்லது. ஆனால் பீப் குறிகாட்டி ரிசீவரிலும் மணி குழலிலும் இருந்தால், கழற்றிப் பூட்டும்போது குறி கொஞ்சம் நகரக்கூடும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதென்றால் யோசித்துக் கேளுங்கள்.

| அம்சம் | பிறகு மாற்றலாமா | ஒளிந்திருக்கும் செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|
| தோட்டா வகை | இல்லை | தோட்டா விலை, தோள் வலி | .30-30 வேட்டைக்கு, .357 தோள் வலிக்கு, .45-70 பெரிய விலங்குக்கு |
| எண்கோணக் குழல் | மிகக் கடினம் | முன் எடை | சுடுதளம், அழகு |
| பிஸ்டல் பிடி | கடினம் | லீவரும் பட்டையும் மாற வேண்டும் | மணிக்கட்டு வலி |
| அடிப்பட்டை | முடியும் | கட்டை நீளம் மாறும் | .45-70-க்குத் தட்டை |
| உயர்ரக மரம் | முடியும் | கைப்பொருத்தக் கூலி | எல்லோருக்கும், பணம் மிஞ்சினால் |
| கேஸ் ஹார்டனிங் வண்ணம் | முடியும், கடைசி வேலையாக | மங்கும், வெயில் ஆகாது | வீட்டில் காக்கிறவர் |
| கைச் செதுக்கு | வண்ணத்துக்கு முன் மட்டும் | காத்திருப்பு, மறுவிற்பனை | அவசரம் இல்லாதவர் |
| பீப் குறிகாட்டி | எளிது, துளை இருந்தால் | மிகக் குறைவு | நாற்பத்தைந்தைத் தாண்டிய எவரும் |

## பரிசு என்றாலும் காகிதம் உண்டு

கூட்டாட்சிச் சட்டப்படி உண்மையான பரிசுக்காக உங்கள் பணத்தில் வாங்கலாம். கடையில் நிரப்பும் கூட்டாட்சிப் படிவமான 4473-இல் வாங்குபவர் நீங்கள்தான். ஆனால் பெறுபவர் பிறகு பணத்தைத் திருப்பித் தருவதாக ஏற்பாடு இருந்தால் அது பரிசல்ல, பினாமிக் கொள்முதல். இருவருமே துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்களாக இருந்தாலும் அது குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ‘மிச்சத்தை நான் போட்டுக்கறேன்’ என்று பிறந்தநாள்காரர் சொன்னால் சிரித்து மறுத்துவிடுங்கள்.

அவர் வேறு மாநிலத்தில் இருந்தால் கையில் கொடுக்க முடியாது. அங்குள்ள உரிமம் பெற்ற கடை வழியாகப் போக வேண்டும். சில மாநிலங்களில் உள்ளூருக்குள்ளேயே கடை வழியாகத்தான். உங்கள் துப்பாக்கியை வேலைக்காகக் கடைக்கு அனுப்பினால் மட்டும், கூட்டாட்சிச் சட்டப்படி கடை அதை நேராக உங்களுக்கே திருப்பி அனுப்பலாம்.

நம்மவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர் வைத்திருக்கலாம். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். அந்த நிலையில் இருக்கும் தம்பியைக் கடையிலிருந்து எடுத்து வரச் சொல்லாதீர்கள்.

## நாள் நெருங்கிவிட்டால்

ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் சாதா ரைஃபிள் வாங்கிக் கடைக்கு அனுப்பும் வழியை எடுங்கள். ஆர்டர் போடும் அன்றே துளை, செதுக்கு, வண்ணம் என்ற வரிசையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்ணமும் முழுச் செதுக்கும் இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றரை வருடம் முன்னாலேயே தொடங்குவது பத்திரம்.

இரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால் மிரோக்கு 1873 ஒன்றை .357-இல், அல்லது ருகர் செய்த மார்லின் 336 ஒன்றை .30-30-இல், நீலப் பூச்சில் வாங்குங்கள். பீப் குறிகாட்டியைப் பொருத்தி, அவரது அளவுக்குக் கட்டையைச் சரிபார்த்துக் கொடுங்கள். மரத்தை மட்டும் விட்டுவைத்து, பிறந்தநாள் முடிந்ததும் அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பலகைகளைக் காட்டித் தேர்வு செய்யச் சொல்லலாம். ஒரு பலகையைத் தண்ணீர் தொட்டு நனைத்தால், எண்ணெய் பூசிய பிறகு ரேகை எப்படி இருக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.